ஒரு விரற்கடை முன்னால்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கு மேல்மாடி.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
திரையில் தோல் நடுங்கும்.
நடுங்கிய படத்தை அழித்துவிட்டு
மறுபடி எடுக்க வேண்டும்.
ஒரு நாளைக்கு அறுபது லாரி.

சீட்டில் எழுதியிருந்தது: கால் அரிப்பு, மூன்று வாரம்.
பெயர் தேக் பகதூர் ராய். வேலை, குலை வெட்டு.
பூட்ஸ் கிழிந்து நாலு நாள் செருப்போடு போயிருக்கிறார்,
கொங்சி வீட்டுப் பின்புறம்
நாய்கள் படுத்துப் புரளும் மணல் வழியாக.
புது பூட்ஸுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.
இதைச் சொன்னது அவரல்ல, கூட வந்த தவமலர்,
அதே தோட்டத்தில் மருந்தடிக்கிறவள்.
பத்து மலாய்ச் சொல், பத்துத் தமிழ்ச் சொல்,
மீதிக்குக் கை:
அவர்கள் பேசிக்கொள்வது அப்படித்தான்.

புறங்காலில் ஒரு சிவப்புக் கிறுக்கல்.
மை வருகிறதா என்று யாரோ பேனாவை
உரசிப் பார்த்த மாதிரி
வளைந்து, திரும்பி, தன்னையே வெட்டிக்கொண்டு
கணுக்காலுக்குக் கீழே நின்றிருந்தது.
ராத்திரியில் நீளுகிறது என்றார்.

போன வாரம் அந்தக் கோட்டின் நுனியில்
அரிசி அளவு தோல் எடுத்துச் சாயம் ஏற்றினோம்.
ஈயோசின் குடித்த வெள்ளையணுக்கள்,
ஆரஞ்சு மணிகளாக,
எண்ணி முடியவில்லை, அப்படி ஒரு நெரிசல்.
எதற்காகக் கூடினவோ
அது அங்கே இல்லை.

டாக்டர் வோங் கண்ணாடித் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சிவந்த இடத்தில் தேடியிருக்கிறோம், என்றார்.
புழு போன பிறகுதானே சிவக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை.
தொழுகை நேரம், லாரி இல்லை.
எண்ணெய் ஒரு சொட்டு விட்டு
கைக்கருவியை அவர் காலில் வைத்து
ஒளியைக் கீழே இறக்கினேன்.
கத்தி இல்லை, சாயம் இல்லை,
கறுப்பும் வெள்ளையும் மட்டும்.
முதலில் தேன்கூடு மாதிரி மேல்தோல்.
நாற்பது மைக்ரான், அறுபது.
கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகள்
முட்டி, விலகி, மறுபடி முட்டி.
முக்கால் மணி நேரம் அவர் காலை அசைக்கவில்லை.
பதிவை நாற்பது மடங்கு வேகத்தில் ஓட்டினால்
காலி அறையைத் துழாவுகிறவர்கள் மாதிரி இருந்தன.

பிறகு கருவியை ஒரு விரற்கடை தள்ளினேன்,
சிவக்காத தோலுக்கு.
ஒன்றுமே நடக்காத தோல்.

அங்கே இருந்தது.
அரை மில்லிமீட்டர், பளபளவென்று, உயிரோடு,
அணுவுக்கும் அணுவுக்கும் நடுவில் தலையைச் செருகி.
சுற்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

நாயின் உடம்புக்கென்று பிறந்த புழு, என்று விளக்கினேன்.
மனிதத் தோலில் மேலே வந்துவிட்டது,
உள்ளே இறங்க வழி தெரியாது.
இப்படியே சுற்றும். மாத்திரை தராவிட்டாலும்
என்றைக்காவது சாகும்.

தவமலர் கைகளால் மொழிபெயர்த்தாள்.
அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
'பெர்மிட் இல்லையா?' என்றார் தமிழில்.
நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.
போன மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு
கொங்சியில் டார்ச் அடித்துத் தேடினார்களாம்.
பாய்கள் இருந்தன. பானையில் சோறு
சூடாகவே இருந்ததாம்.

அறிக்கையில் எழுதினேன்:
அணுத்திரள் தடத்தின் மேல்.
புழு, தடத்தின் நுனிக்குப் பதினேழு மில்லிமீட்டர் முன்னால்.
முதல் லாரி வந்தது. படம் குலுங்கி
சட்டத்தைவிட்டு அது வெளியே போனது.

டாக்டருக்கு அடையாளம் வேண்டும்.
பால்பாயிண்ட் பேனாவால்
வெறும் தோலில் ஒரு வட்டம் போட்டேன்.
'இங்கே அரிக்கிறதா?'

குனிந்து வட்டத்தைப் பார்த்தார்.
இல்லை என்றார்.
இன்னும் இல்லை.